மருந்து போட்டாச்சோ?

கனடாவில் ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் வீட்டை வாங்கும்போது, கீழே இருக்கிற நிலவறை, பேஸ்மென்ற், எனக்கு என்றுதான் பேச்சு. ஒரு தையல் மெஷின், ஒரு பழைய சோபா, குளிர்காலத்தில் கறிவேப்பிலைச் செடி உயிரோடு இருக்க ஒரு விளக்கு. நான் கேட்டது அவ்வளவுதான். இப்போது செடி மட்டும் அங்கே இருக்கிறது. மிச்ச இடம் முழுவதிலும் என் கணவர் ரவை செய்கிறார்.

ரவை என்றதும் உப்புமாவை நினைப்பவர்கள் பாக்கியவான்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று சட்டிக்குள் போவது, மற்றது துவக்குக்குள், அதாவது துப்பாக்கிக்குள், போவது. அந்த இரண்டாவதன் சத்தம் தாங்காமல்தான் நாங்கள் இருவரும், ஒருவரை ஒருவர் தெரியாத காலத்தில், தனித்தனியாக நாட்டை விட்டு ஓடி வந்தோம். இங்கே வந்து கலியாணம் கட்டி, அவர் மார்க்கம் நகரில் ஒரு கொம்பியூட்டர் வேலையில் அமர்ந்து, இனி நிம்மதியாக மூச்சு விடலாம் என்று நான் நினைத்த நேரத்தில், மனுசன் அதே சத்தத்தைக் காசு கொடுத்து வாங்கத் தொடங்கினார்.

கூட வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரர்தான் முதலில் துவக்கு சுடுகிற ஒரு கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். பல் டாக்டரிடம் போக வருசக்கணக்காக நேரம் கிடைக்காதவர், லைசென்ஸ் வகுப்புக்கு மட்டும் நேரத்தோடு போய் முன்வரிசையில் இருந்தார். கடைசியில் வாங்கி வந்தது ஒரு வேட்டைக் கைத்துப்பாக்கி. ஒரு நேரத்தில் ஒரு வெடிதான். ஒவ்வொரு தடவையும் குழாயை மடித்துத் திறந்து, ஒரு ரவையை வைத்து மூட வேண்டும். அந்த ரவையோ நீளத் துவக்குக்குப் போடுகிற பெரிய ரவை.

இதில் ஒரு சின்ன விசயத்தை எங்கள் வீட்டு மேதை கவனிக்கவில்லை. கனடாவில் கைத்துப்பாக்கியால் வேட்டையாடச் சட்டம் விடாது. ஆகவே எங்களிடம் ஒரு வேட்டைக் கைத்துப்பாக்கி இருக்கிறது, அதைக்கொண்டு வேட்டை ஒன்றைத்தான் செய்ய முடியாது. கிளப்பில் கடதாசியைச் சுடலாம். மான் படம் போட்ட கடதாசியோ என்று கேட்டேன், வெறும் வட்டம்தானாம். பிறகு அரசாங்கம் இந்தச் சாமான்களை ஆளுக்கு ஆள் கைமாற்றுவதையும் நிறுத்திவிட்டது. இனி அதை இன்னொருவர் தலையில் கட்டவும் வழியில்லை. அந்த விதத்தில் என் கணவருக்கும் அதற்கும் ஒரே நிலைமைதான்.

கடையில் விற்கும் ரவையை வாங்கிச் சுட்டுவிட்டு வந்தால் என்ன என்று நான் கேட்காமல் இல்லை. அதற்கு ஒரு முழுச் சாப்பாட்டு நேரம் விளக்கம் கிடைத்தது. கடை ரவை நீளக் குழாய்க்குச் செய்தது. இந்தக் குட்டைக் குழாயில் உள்ளே இருக்கிற வெடிமருந்து எரிந்து முடியுமுன் நுனியில் இருக்கிற குண்டு, சன்னம், வெளியே போய்விடும். மிச்ச மருந்து வாசலில் நெருப்பாக எரியும், கையைத் தூக்கி எறியும். அதனால் துவக்குக்கு ஏற்றபடி ரவையை வீட்டிலேயே செய்ய வேண்டும். சின்னச் சட்டியில் பெரிய பானைக்கான அரிசியைப் போடக்கூடாது என்பது எனக்கும் தெரியும் என்பதால் விசயம் விளங்கியது. பேஸ்மென்ற் போனதுதான் விளங்கவில்லை.

வீட்டில் சாப்பிட்ட கோப்பையை மேசையிலேயே விட்டுவிட்டு எழும்புகிறவர், கிளப்பில் சுட்ட வெற்றுக் கோதுகளைக் குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டு வருவார். அவற்றை மினுக்குவார். என் மா அரிக்கும் அரிதட்டு அந்த வேலைக்குப் போய்த் திரும்பி வரவேயில்லை. பிறகு ஒவ்வொரு கோதையும் கைபிடி வைத்த ஓர் அமுக்கியில் வைத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் நெருப்புப் பொறி கிளப்புகிற புதுப் பிரைமர் குத்தி, மருந்தை நிறுத்து ஊற்றி, மேலே சன்னத்தை வைத்து அமுக்கி மூடுவார். தராசு பொல்லாத தராசு. ஹீட்டின் சூட்டுக்காற்றை வீடு முழுக்கக் கொண்டுவருகிற குழாய் வாசலான வென்ற்றால் வருகிற காற்றுக்கே ஆடும். அதனால் அவர் மருந்து நிறுக்கிற நேரம் வீட்டில் ஹீட்டை நிறுத்திவிட வேண்டும். ஸ்ரௌவ்வில் குளிரில் ஒரு தராசு ஆடக்கூடாது என்பதற்காக நான் ஜக்கெற் போட்டுக்கொண்டு கறி சமைத்திருக்கிறேன்.

இன்னொரு சட்டமும் உண்டு. மருந்து ஊற்றும்போது யாரும் கதைக்கக்கூடாது. கவனம் சிதறுமாம்.

இப்படித் தூசு கணக்கில் மருந்து நிறுக்கிற மனுசனுக்கு, நாளுக்கு ஒரு பிறஷர் குளிசை விழுங்குவதுதான் ஞாபகம் வராது. கிழமை நாட்கள் எழுதிய குளிசைப் பெட்டியை வாங்கி நிரப்பி வைப்பது நான். குசினி வென்ற்றுக்குக் குனிந்து, “மருந்து போட்டாச்சோ?” என்று கீழே கேட்பதும் நான். ஹீட் நின்றிருந்தால் குரல் நன்றாகவே போகும். “போட்டாச்சு” என்று பதில் வரும். குளிசை பெட்டியில் கிடக்கும். இந்த நாடகம் எங்கள் வீட்டில் நெடுநாளாக ஓடுகிறது.

போன தை மாதம் எங்கள் கலியாண நாளுக்கு என்னைக் கிளப்புக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் நின்றால் என்னைப்போல லைசென்ஸ் இல்லாதவர்களும் சுடலாமாம். என் கைக்கு அந்தச் சாமான் தாங்காது என்றேன்.

“உமக்கெண்டு மெதுவா ஒரு ரவை செய்யிறன்” என்றார். “குழந்தைப்பிள்ளையும் சுடலாம்.”

மற்றப் பெண்களுக்குக் கலியாண நாளுக்குச் சங்கிலி வரும். ரூஜ் பக்கம் இருக்கும் என் சிநேகிதிக்கு ஒரு கார் வந்தது. எனக்கு ரவை. இதைச் சொல்லிச் சொல்லி அவரை ஒரு கிழமை வறுத்தெடுத்தேன். ஆனால் மனதுக்குள் எனக்குச் சந்தோசம்தான். இத்தனை வருசத்தில் அவர் கையால் எனக்கென்று செய்த முதல் பொருள் அது.

அந்த மெதுவான ரவையில் ஓர் ஆபத்து இருப்பதையும் அவரே சொன்னார். மருந்து கொஞ்சம் என்பதால் கோதில் பாதிக்கு மேல் வெறுமை. மறந்துபோய் ஒரே கோதில் இரண்டு தரம் ஊற்றினாலும் வழியாது, வெளியே தெரியாது. அப்படி ஒன்று வெடித்தால் துவக்கு பிடித்தவர் கைக்குள்ளேயே பிளக்கும். அதற்காக மற்றவர்கள் எல்லாக் கோதிலும் மருந்து ஊற்றி வரிசையாக வைத்து, மூடுமுன் ரோர்ச் அடித்து உள்ளே பார்ப்பார்களாம். நீங்களும் பார்ப்பீர்களோ என்று கேட்டேன். தான் ஒன்றை ஊற்றினால் உடனே மூடிவிடுவதாகவும், தனக்குப் பிழை வராது என்றும் சொன்னார். அவருக்கு வராதுதான். எங்கள் வீட்டில் பிழையெல்லாம் என்னுடைய பொறுப்பு.

வியாழக்கிழமை அவர் வீட்டிலிருந்து வேலை செய்கிற நாள். அதாவது பேஸ்மென்ற்றில் ரவை செய்கிற நாள். நான் வழமைபோலக் குனிந்து, மருந்து போட்டாச்சோ என்று கேட்டேன். அன்றைக்கு வழமைக்கு மாறாக, “இல்லை, இந்தா போடுறன்” என்று பதில் வந்தது. மனுசன் உண்மை சொல்லப் பழகிவிட்டார் என்று நான் மகிழ்ந்துபோனேன்.

சனிக்கிழமை காலை குளிசைப் பெட்டியைத் திறந்தால், வியாழக்கிழமைக் குளிசை அப்படியே கிடந்தது. எடுத்துக் கடதாசியில் சுற்றிக் கைப்பையில் வைத்தேன். நல்ல சண்டைக்கு நல்ல சாட்சி வேண்டும்.

கிளப் வடக்கே, பனி மூடிய வயல்களுக்கு நடுவில் இருந்தது. அவர் பூட்டிய பெட்டியைத் திறந்து, துவக்கை மேசையில் வைத்து, குழாயை மடித்துத் திறந்தார். எனக்கென்று செய்த ரவைகள் ஒரு சின்னப் பெட்டியில் நிறைந்திருந்தன. ஒன்றை எடுத்து, எப்படி வைப்பது என்று காட்டினார். காதை மூடுகிற சாமானை எனக்குப் போட்டுவிட வந்தார். காதை மூடினால் பிறகு சண்டை பிடிக்க முடியாது என்பதால் நான் அதற்கு முன்பே கைப்பையைத் திறந்தேன்.

“வியாழக்கிழமை மருந்து போடுறன் எண்டு பொய்தானே சொன்னனீங்கள்? குளிசை இஞ்ச கிடக்குது.”

“போட்டனான்” என்றார்.

“எதைப் போட்டனீங்கள்?”

அவர் குளிசையைப் பார்த்தார். பிறகு விரலுக்குள் இருந்த ரவையைப் பார்த்தார்.

“நீர் மருந்து போட்டாச்சோ எண்டு கேக்கேக்கை,” என்றார் மெதுவாக, “என்ரை கையிலை கோது இருந்தது.”

நான் கேட்டது அந்த மருந்தைத்தான் என்று நினைத்து ஊற்றியிருக்கிறார்; அந்தக் கோதில் அதற்கு முன்பே ஒரு தரம் ஊற்றியிருந்தாரா இல்லையா என்பது அவருக்கு ஞாபகம் இல்லை. ரவையைத் திரும்பப் பெட்டியில் வைத்து, துவக்கைப் பூட்டினார். பக்கத்து மேசைக்காரர் என்ன பிரச்சினை என்று கேட்டார். தான் ஒரு பிழை விட்டதாகவும் இன்று சுடப்போவதில்லை என்றும் இவர் சொன்னார். இத்தனை வருசக் கலியாணத்தில் நான் கேட்காத வசனம். அதையும் எனக்குச் சொல்லவில்லை, முன்பின் தெரியாத ஒருவருக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே பேஸ்மென்ற். நான் ஹீட்டை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். சன்னம் கழற்ற அவரிடம் சுத்தியல் மாதிரி ஒன்று உண்டு. ரவையை அதற்குள் வைத்துத் தட்டினால் சன்னம் கழன்று மருந்து கொட்டும். ஒவ்வொன்றாகத் தட்டித் தராசில் போட்டார். எல்லாம் ஒரே நிறை. போகப் போக அவருக்குத் தெம்பு வந்தது. “பாத்தீரே? எனக்குப் பிழை வராது” என்றார். நானும் வீணாகக் கலியாண நாளைக் கெடுத்துவிட்டேனோ என்று நினைக்கத் தொடங்கினேன்.

பெட்டி முடிகிற நேரத்தில் ஒன்றைத் தட்டினார். தட்டில் மருந்து குவிந்தது. நிறுத்துப் பார்க்கத் தேவையில்லை, கண்ணுக்கே தெரிந்தது. என்றாலும் நிறுத்தார். சரியாக இரண்டு மடங்கு.

அது எந்த ரவை என்று நாங்கள் இருவரும் சொல்லவில்லை. காலையில் என் கைக்குத் தர எடுத்ததாகவும் இருக்கலாம், அதற்கு அடுத்ததாகவும் இருக்கலாம். பெட்டி முழுவதும் எனக்கென்று செய்ததுதான். அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான் என் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பிழை விட்டிட்டன்” என்றார். இந்த முறை தமிழில், எனக்கு.

இந்த வசனத்துக்காக எத்தனையோ வருசமாகப் பதில்கள் சேர்த்து வைத்திருந்தேன். தராசுக்கு முன்னால் சத்தமில்லாமல் இரண்டு பேரும் இருந்தோம். கறிவேப்பிலை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, மருந்துக்குப் பக்கத்தில் மூச்சுவிடவும் என்னை விடாத அந்த மனுசன், “இஞ்சேர், ஏதாவது கதையுமன்” என்றார். நான் அவருடைய கையைப் பிடித்தேன்.