கண்ணாடி முன் நின்றது நான்

தங்கைக்குக் கல்யாணம் என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. குற்றாலத்துச் சாரல் தென்காசி வரை வந்த ஒரு காலையில் ஜவுளிக்கடைக்குப் போனோம். நிச்சயத்துக்கு, நலங்குக்கு, ரிசப்ஷனுக்கு என்று ஒவ்வொரு சேலையையும் என் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக் குதூகலித்தேன்.

கடைக்காரப் பெண் என்னிடம், "கல்யாணப் பொண்ணுக்கு அம்சமா இருக்கு. மாப்பிள்ளை எங்கன வேல பாக்காவ?" என்றாள்.

திடுக்கிட்டுத் திரும்பினேன். தங்கை என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

என் கல்யாணம் ஊரடங்கில் ஒரே சேலையோடு முடிந்திருந்தது. அந்த ஆசையை இவள் கல்யாணத்தில் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, நீயே எடு."

"நீ போட்டுப் பாத்து முடிச்சிட்டியாக்கா?" என்று சிரித்தபடி துள்ளி எழுந்தாள்.

அவள் எடுத்ததில் ஒன்றுகூட நான் தோளில் போட்டுப் பார்த்தது இல்லை. கைப்பையோடு அந்த ஸ்டூலில் உட்கார்ந்த பிறகுதான் மணப்பெண் என் கண்ணுக்குத் தெரிந்தாள்.