ஆலைக்குப் பின்னால் ஓடிய வெந்நீர்

வளைகுடாவில் எண்ணெய்க் குழாய்களை ட்ரோனால் படமெடுத்துக்கொண்டிருந்த என் கணவர் ஊர் திரும்பியதும், கருங்கல் ஊரிலேயே ட்ரோனில் படமெடுத்துக் கொடுக்கும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கினோம். பெரும்பாலும் கல்யாணம், கோயில் கொடை. வெப்பத்தைப் படமெடுக்கும் கேமரா பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அதற்கு முதலில் வேலை கொடுத்தது கடலோரத்து மீன்தூள் ஆலை ஒன்று. கால்வாயில் சூடான கழிவுநீர் விடுவதில்லை என்பதை வானத்திலிருந்து எடுத்த படத்தோடு காட்டும்படி, வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர்கள் கேட்டார்களாம்.

வெயில் ஏறினால் கல்லும் மண்ணும் சூடாகி எல்லாம் ஒரே நிறமாகத் தெரியும் என்பதால் விடியுமுன் போனோம். கணவர் ட்ரோனை ஏற்ற, நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால்வாய் குளிர்ந்த நீருக்கான கருநீலமாக ஓடியது. ஆலைக் குழாயின் வாயிலும் நீலம்தான். மானேஜர் என் பின்னால் நின்று திருப்தியாகத் தலையாட்டினார். ட்ரோன் பின்மதிலைத் தாண்டியபோது, தாழம்புதருக்கு அடியிலிருந்து சூட்டைக் காட்டும் மஞ்சளாக ஒன்று நீண்டு, கால்வாயில் கலந்து, கடல் வரை போவது தெரிந்தது.

"இது என்னது சார்?"

"வெயில் பட்டதாயிருக்கும் மேடம்."

வெயில் இன்னும் வந்திருக்கவில்லை.

புதரைச் சுற்றி இறங்கிப் போனேன். அவித்த மீனின் நாற்றம் தொண்டைக்குள் இறங்கியது. சாம்பல் நிறத் தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலமும் செதிலுமாக, ஆவி பறக்க ஓடியது. விரலை வைத்தேன். சுட்டது. எடுத்தபோது வழுவழுவென்று ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. சற்றுத் தள்ளி ஒரு பெண் அதிலேயே நின்று துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"இதிலயா அக்கா துணி அலசுதிய?"

"விடியக்காலத்த வெந்நி வரும் மக்கா. குளுருக்குக் காலுக்கு எதமாக்கும்."

"நாத்தம்?"

"அது மூக்குக்குப் பழகியாச்சு."

அவள் கணுக்காலைச் சுற்றித் தோல் வெந்து உரிந்திருந்தது. அங்கேயே வாந்தி எடுத்தேன்.

படத்தைப் பார்த்ததும் மானேஜர் அலுவலக அறைக் கதவைச் சாத்தினார். "மஞ்சளைப் பாத்தா சரக்கு வாங்குதவிய பயந்துருவாவ. எல்லாத்தையும் நீலமாட்டு மாத்த முடியாதா? கலர்தான மேடம்." மேசையில் வறுத்த நெத்திலி இருந்தது. பேசியபடியே ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றார்; விரலை நக்கிவிட்டு அதே விரலால் எங்கள் திரையைத் தொட்டுக் காட்டினார்.

கணவர் என்னைப் பார்த்தார். புதுத் தொழில், முதல் பெரிய வேலை. அவர் யோசிப்பது புரிந்தது. அந்த யோசனைகூட எனக்கு அருவருப்பாக இருந்தது.

"வண்டிய எடுங்க," என்றேன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர், "உள்ளத உள்ளபடி குடுப்போம், ஏட்டி," என்றார்.

நிறம் மாற்றாத படத்தை ஆலைக்கும், மாசு பார்க்கிற அதிகாரிகளுக்கும் அனுப்பினோம். ஆலையிலிருந்து பிறகு போன் வரவில்லை. அதிகாரிகள் வந்து புதருக்குள் மறைத்து வைத்திருந்த இன்னொரு குழாயை சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். கால்வாயில் ஆவி நின்றது. ஆலை நிற்கவில்லை, பின்வாசல் வழியாக டேங்கர் லாரிகள் போகத் தொடங்கின.

போன வாரம் கொட்டாரம் ஊருக்குக் கல்யாண வேலையாகப் போகும்போது அப்படி ஒரு லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டோம். அடியில் ஒழுகி, ரோட்டில் ஆவி பறந்தது. கணவர் கண்ணாடியை ஏற்றுவதற்குள் நாற்றம் உள்ளே வந்துவிட்டது. லாரி வயல்பக்கம் திரும்பியது. பின்னாலேயே போனோம். நடவு முடிந்த வயலுக்குத் தண்ணீர் போகும் ஓடையில், அவசரமே இல்லாமல் குழாயை இறக்கிக் கழிவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். கணவர் ட்ரோனை ஏற்றினார். அந்தப் படத்தையும் அதிகாரிகளுக்கு அனுப்பியிருக்கிறோம்.