ஆம்பை அணைத்த பின்னும்

சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் என் கிட்டாரும் அதன் சத்தத்தைப் பெருக்கும் ஆம்பும் இருக்கின்றன. சுவருக்கு அந்தப் பக்கம் குசினி. அன்று பின்னேரம் ஆம்பிலிருந்து 'உஸ்' என்ற இரைச்சல் ஓயவே இல்லை. கெய்னைக் குறைத்தேன், ட்ரெபிளைக் குறைத்தேன், வயரை வெட்டிப் புதிதாக சோல்டர் வைத்தேன். கொஞ்சம் அடங்கியது. ஆனாலும் அடியில் ஏதோ விடாமல் இரைந்துகொண்டே இருந்தது. இந்தச் சனியனை விற்றுத் தொலைக்க வேண்டும் என்று ஏசினேன்.

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு வாங்கு சொன்னார்கள். வாங்கு கேட்டால் எங்கள் வீட்டில் பாட்டு, டிவி எதுவும் ஓடாது. ஆம்பை அணைத்தேன். வாங்கும் முடிந்தது.

இரைச்சல் மட்டும் நிற்கவில்லை.

அணைத்த ஆம்ப் எப்படி இரையும்? பிளக்கையும் பிடுங்கினேன். அப்போதும் உஸ்ஸ்ஸ். சுவரில் காதை வைத்தேன். சத்தம் குசினிக்குள்ளிருந்து வந்தது.

"இஞ்சாருங்க, தேத்தண்ணி ஊத்தவா?" குசினியிலிருந்து மனைவி கேட்டாள். நெருப்புப்பெட்டி குலுங்கும் சத்தமும் கேட்டது.

"பத்த வெக்காத புள்ள! கேஸ்!"

ஓடிப்போய் அவள் கையைத் தட்டிவிட்டேன். சிலிண்டர் வாயில் கேஸ் சீறிக்கொண்டிருந்தது. அவளும் அதை என் ஆம்பின் இரைச்சல் என்றே நினைத்திருந்தாள். இருவருக்கும் மூக்கடைத்த தடிமன், மணமே தெரியவில்லை. சிலிண்டரை மூடி, கதவு யன்னலெல்லாம் திறந்துவிட்டு முற்றத்துக்கு ஓடினோம்.

"இவ்வளவு நேரமும் உள்ளுக்க என்ன செஞ்சீங்க?" என்றாள்.

ஒரு சுவருக்கு இந்தப் பக்கம், கொதிக்கும் சோல்டர் கோலோடு உட்கார்ந்திருந்தேன்.

ஆம்ப் இன்றைக்கும் லேசாக இரையும். இப்போது நான் அதை ஏசுவதில்லை. அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை கேட்பேன்.