ஐந்து விநாடிக்கு மேல்

மூச்சை உள்ளே இழுத்து நான்கு எண்ணுவதற்குள் விளம்பரம் வந்துவிடுகிறது. அலுவலக மாடிப்படித் திருப்பத்தில், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, போனை மடியில் கிடத்தி உட்கார்ந்திருக்கும் அவள் கண்ணைத் திறப்பதில்லை. துணி துவைக்கும் மெஷினைப் பற்றி யாரோ பாடி முடிக்கும்வரை பிடித்த மூச்சைப் பிடித்தபடியே இருக்கிறாள். அது அவள் கம்பெனி மெஷின்தான். பாட்டின் கடைசியில் சொல்லும் எண்ணை அழைத்தால் இவளே எடுத்தாலும் எடுப்பாள். "அஞ்சு நிமிஷம் நிம்மதியா இருக்கலாம்னு வந்தா, இங்கயும் நம்ம கம்பெனிதான்" என்று முனகிவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

வயது நாற்பத்தெட்டு. புகார்ப் பிரிவில் பதினேழு வருடமாகத் தொலைபேசி எடுக்கிறாள். ஒரு நாளைக்கு எழுபது, எண்பது அழைப்புகள். ஃபிரிட்ஜைச் செய்தவள் அவள் இல்லை, விற்றவளும் இல்லை, வருகிறேன் என்று சொல்லி வராமல் போன மெக்கானிக்கும் இல்லை. திட்டு மட்டும் அவளுக்கு. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்றெல்லாம் ஃபிரிட்ஜ் ஓடாத வீட்டில் யாரும் யோசிப்பதில்லை. "மன்னிக்கணும் சார், மன்னிக்கணும் மேடம்" என்று சொல்லிச் சொல்லி அலுவலகத்தில் அவள் பெயரே மன்னிப்பக்கா ஆகிவிட்டது. பஸ்ஸில் அடுத்தவர் அவள் காலை மிதித்தாலும் மன்னிப்புக் கேட்பது அவள்தான். ஒரு நாள் சாப்பிட்டு எழுந்த கணவரிடம், "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்று கேட்டுவிட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அசதிதான் வந்தது.

ரத்த அழுத்தம் ஏறிப்போய் டாக்டரிடம் போனபோது, அவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, மனதை லேசாக வைத்துக்கொள்ளச் சொன்னார். எப்படி வைத்துக்கொள்வது என்பது சீட்டில் இல்லை. மகள்தான் இணையத்தில் தேடி, மைண்ட்ஃபுல்னெஸ் என்று எட்டு வாரப் பயிற்சி ஒன்றைப் போனில் போட்டுக் கொடுத்தாள். வீட்டில் அதற்கு மூச்சுப் பாடம் என்று பெயர். பலன்களை எல்லாம் இவள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்: கோபம் தணியும், அழுத்தம் குறையும், நல்ல தூக்கம் வரும். தூக்கம் முதல் நாளே பலித்துவிட்டது. பாதத்தில் தொடங்கி உச்சந்தலைவரை உடம்பை ஒவ்வொரு இடமாகக் கவனிக்கச் சொல்லும் பாடத்தில் அவள் இதுவரை முழங்காலைத் தாண்டியதில்லை. இன்னொரு பாடத்தில், போனில் பாடம் சொல்லும் மென்மையான ஆண்குரல், "எண்ணங்கள் வரட்டும், போகட்டும்" என்றபோது, "சரிங்க சார், பதிவு பண்ணிக்கிட்டேன்" என்று வாய் தானாகப் பதில் சொன்னது.

மூன்றாவது வாரப் பாடம் சின்னது. எதிரில் இருப்பவர் பேசி முடித்ததும் உடனே வாயைத் திறக்காதீர்கள், ஒரு மூச்சு முழுதாக இழுத்து விட்டுவிட்டுப் பேசுங்கள். மறுநாளே வேலையில் செய்து பார்த்தாள். ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதர், பதில் வராததைக் கண்டு தடுமாறி, "ஹலோ, இருக்கீங்களா?" என்றார். "இருக்கேன் சார். கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள். அவர் குரல் இறங்கிவிட்டது. போனை வைக்கும்முன் நன்றிகூடச் சொன்னார். பதினேழு வருடத்தில் சொல்லாத மன்னிப்பு இல்லை, அதில் ஒன்றுகூட இப்படி வேலை செய்ததில்லை.

ஆனால் கம்பெனிக்கு ஒரு கணக்கு உண்டு. வாடிக்கையாளர் பேச்சை நிறுத்தியபின் அவர் காதில் ஐந்து விநாடிக்கு மேல் குரல் விழாவிட்டால் கம்ப்யூட்டர் திரையோரம் சிவக்கும். அது ஒரு குறை. ஒரு மாதத்தில் மூன்று குறை விழுந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மூச்சை இழுத்து விட அவளுக்கு ஏழு விநாடி ஆகிறது. மாதம் பாதிகூட ஆகவில்லை, அதற்குள் இரண்டு விழுந்துவிட்டன. அவளைவிடப் பதினைந்து வயது இளையவளான டீம் லீடர் ஓரமாகக் கூப்பிட்டு, "அக்கா, இன்னும் ஒண்ணு விழுந்தா என்னால காப்பாத்த முடியாது. மூச்செல்லாம் வீட்டுல போய் விடுங்க" என்றாள். கெட்டவள் இல்லை, அவளுக்கும் மேலே ஆள் இருக்கிறது.

கணவர் முதுகு போய் வேலையை விட்டு இரண்டு வருடம். மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம். டீம் லீடரிடம் "மன்னிக்கணும் மேடம்" என்று சொல்லிவிட்டு வந்து, பழையபடி மளமளவென்று ஒப்பிக்கத் தொடங்கினாள். அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னது இதுதான்: "கேட்டா போதும், பாதி கோபம் அடங்கிடுதுங்க. அது தெரிஞ்சும் கேட்காம பேசிட்டே இருக்கிறது இருக்கே, அதுதான் உடம்பு வலியா வலிக்குது."

அதே வாரம் வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெண் அழைத்தாள். நான்கு நாளாக ஃபிரிட்ஜ் ஓடவில்லை, மூன்று முறை புகார் கொடுத்தும் ஆள் வரவில்லை. இதெல்லாம் தினமும் கேட்பதுதான். பிறகு அந்தப் பெண் சொன்னாள்: "உள்ள அவரோட இன்சுலின் இருந்துச்சு. இந்த வெயில்ல கெட்டுப்போனது தெரியாம அதையே போட்டுட்டேன். இப்ப ஆஸ்பத்திரியில இருக்காரு. உங்கள நல்லா திட்டணும்னுதான் போன் பண்ணேன். வாயே வரலம்மா."

அதற்குமேல் அழுகைதான். உங்கள் சிரமம் புரிகிறது என்ற வாசகம் நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கிக்கொண்டாள். மூன்று, நான்கு, ஐந்து. திரையோரம் சிவந்தது. வரிசைக் கடைசியில் டீம் லீடரின் தலை நிமிர்ந்தது. அவள் வேகமாக நடந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்று, "அக்கா, பேசுங்க" என்று தோளைத் தொட்டாள்.

மன்னிப்பக்கா திரும்பவில்லை. இடது கையால் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, வலது கையைத் தோளுக்கு மேல் உயர்த்தி, பொறு என்று ஒரு விரலைக் காட்டினாள்.