எங்கள் வீட்டில் காய்ச்சலில் கிடந்த ஜாஸ் பாடகர்

என் கணவருக்குச் சொந்தக்காரர்கள் குறைவு. அந்தக் குறையை அமெரிக்காவிலிருந்து ஆள் பிடித்துத் தீர்த்துக்கொண்டார். டிரம்பெட் ஊதிக்கொண்டே பாடும் ஒருவர், பியானோ வாசிக்கும் ஒருவர், நெஞ்சு கரையப் பாடும் ஒரு பெண்மணி. மூவரும் கறுப்பர்கள், மூவரையும் இசைத்தட்டில் கேட்டதோடு சரி. ஆனாலும் "நம்ம ஆளுங்க" என்றுதான் சொல்வார். கப்பல்காரர்களிடம் கேட்ட கதையோடு தன் சரக்கையும் சேர்த்து, அவர்கள் எப்படிப்பட்ட வறுமையிலிருந்து ஜாஸில் மேலே வந்தார்கள் என்று எனக்கு விளக்குவார். பிறந்தநாள் மட்டும் தெரியாது. அதனால் தோன்றியபோதெல்லாம் கொண்டாடினார். எனக்குக் கல்யாணமான முதல் வருடம் டிரம்பெட்காரருக்கு மட்டும் மூன்று பிறந்தநாள் வந்தது. மூன்றுக்கும் பாயசம் வைத்தவள் நான்.

ஜப்பான்காரன் வந்த பிறகு, எதிரி நாட்டுப் பாட்டு கூடாது என்று உத்தரவு போட்டார்கள். மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வரிசையில் எல்லோரும் இசைத்தட்டுகளைக் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். இவர் தன்னுடையவற்றைக் காலியாகிப்போன அரிசிப் பெட்டிக்குள் அடுக்கினார்.

ஒரு மத்தியானம் அடுப்படிக்கு வந்து நின்றார்.

"இன்னிக்கு அவரு பொறந்தநாளு."

"போன மாசந்தானே வந்துச்சு?"

"அது பியானோக்காரருது."

சற்று நேரத்தில் அவருடைய நண்பர் ஒரு துண்டு பனைவெல்லத்தோடு வந்தார். ஜப்பான் சண்டைக்கு முன் இருவரும் ஒரே நடன பேண்டில் இருந்தவர்கள். இவர் டிரம்பெட், அவர் டிரம்ஸ். நண்பர் மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழர் வழி. நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் தமிழ் இருக்காது, மலாய்தான். கிராமபோன் ஊசி அப்போது எங்கும் கிடைக்கவில்லை. அவர் மூங்கிலைச் சீவி ஊசியாக்கினார். கிராமபோன் பெட்டியை உள் அறையில் வைத்து, மேலே கனத்த போர்வையைப் போட்டார்கள்.

நான் பாயசத்துக்கு மரவள்ளிக்கிழங்கைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் கிண்டிக்கொண்டிருந்தேன். டிரம்பெட் மெல்ல எழுந்தது. அத்தனை நாள் கேலி பேசியவள்தான். ஆனால் அன்று அந்த மனிதர் ஒரே சுரத்தைப் பிடித்து நீட்டியபோது, பசி, பயம், ரேஷன் வரிசை எல்லாம் எங்கோ போய், கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். பாயசம் அடிப்பிடித்தது. பிறகு அவருடைய கரகரத்த குரல் பாட ஆரம்பித்தது.

கதவு தட்டப்பட்டது.

ஜப்பானியர் எங்கள் தெருவுக்கு நியமித்திருந்த தலைவர் புஜத்தில் அதிகாரத் துணிப்பட்டையோடு நின்றார். தமிழர்தான்.

"உள்ளார யாரு தாயி, இப்படி முனகுறது?"

"எங்க மாமாங்க. காய்ச்சல். நேத்துதான் செங் ஊர்லேருந்து வந்தாரு."

இது எப்படி என் வாயில் வந்ததென்று இன்றும் தெரியாது. தலைவர் நேராக உள்ளே நடந்தார். நல்லவேளையாக அதற்குள் என் கணவர் ஊசியைத் தூக்கிவிட்டார். நண்பர் கிராமபோனைக் கட்டிக்கொண்டு அதே போர்வைக்குள் படுத்துவிட்டார். பாட்டு நின்ற இடத்திலிருந்து, அதே கரகரப்பில், முனகலை அவரே தொடர்ந்தார்.

"எத்தனை நாளா காய்ச்சல், ஐயா?"

நண்பருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. இன்னும் உருக்கமாக ஓர் உறுமல் வந்தது. போர்வைக்கு வெளியே அவருடைய கால் கட்டைவிரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"குளிர் நடுக்கம்," என்றேன்.

"பாயச வாசம் அடிக்குதே?"

"மாமா ஆசைப்பட்டாருங்க."

ஒரு குவளை கொடுத்தேன். அடிப்பிடித்த பாயசத்தை நின்றபடியே குடித்து முடித்துவிட்டுப் போய்விட்டார்.

நண்பர் போர்வையை விலக்கி, "அபா தியா சக்காப்?" என்றார். என்ன சொன்னார் என்று கேட்கிறாராம்.

"நீ பொழைக்க மாட்டேன்னாரு," என்று மலாயில் சொன்னார் என் கணவர்.

அன்று முழுவதும் யாரும் எங்களைப் பிடிக்க வரவில்லை. மறுநாள் காலையில் தலைவரே வந்தார். தாளில் மடித்த நான்கு கொய்னா மாத்திரைகளை என் கையில் வைத்தார். மலேரியாவுக்கு மருந்தே இல்லாமல் ஆட்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது.

"யாராச்சும் கேட்டா, காய்ச்சல்காரருக்கு மருந்து குடுத்தேன்னு நானும் சொல்லணுமில்ல?" என்றார். "மாமா நல்லாவே முனகுறாரு தாயி. தாளம் கூட தப்பல. கொஞ்சம் மெதுவா முனகச் சொல்லு. இந்த வழியா நான் மட்டும் நடக்கல."

கதவுக்குப் பின்னால் நின்ற என் கணவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு வாரம் பெட்டிப் பக்கமே போகவில்லை.

அந்த மாதமே நண்பரின் சின்ன மகள் நிஜமான மலேரியாவில் விழுந்தாள். நான்கு மாத்திரைகளும் அவளுக்குப் போயின. குழந்தை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்ட அன்று, நண்பர் எங்கள் வீட்டு வாசலில் நின்று அழுதார்.

என் கணவர் அழவில்லை. பெருமையில் மிதந்தார்.

"பாத்தியா, நம்ம ஆளு ஒரு புள்ளையக் காப்பாத்திட்டாரு."

"மாத்திரை குடுத்தது தெருத் தலைவருங்க."

"அவரு எதைக் கேட்டு இங்க வந்தாரு?"

நான் போய்த் தெருக்கதவைத் தாழிட்டுவிட்டு வந்து, "பாட்டை மெதுவா வைங்க," என்றேன்.