தெருவில் ஆள் கிடைக்காத வார்த்தை

வங்கித் தேர்வுக்குப் படித்தபோது ஆங்கில வார்த்தைகள் என் மண்டையில் தங்கவே இல்லை. திண்டிவனத்தில் கூட்டுக் குடும்பம் எங்களுடையது. என் ஓரகத்தி செல்வியக்கா எட்டாவதோடு நின்றவர். நான் அர்த்தம் சொல்லச் சொல்ல, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை உரித்தபடியே ஒவ்வொரு வார்த்தைக்கும் ஓர் ஆளைப் பிடித்துக் கொடுப்பார்.

"ஆப்ஸ்டினேட்னா பிடிவாதக்காரரா? அப்ப நம்ம மாமனாரேதான்!"

மேக்னனிமஸ் என்ற வார்த்தைக்கு மட்டும் ஆள் சிக்கவில்லை. "பெரிய மனசா? அப்டி நம்ம தெருவுல யாரும் இல்லியே! நீ படிச்சிக்கினு இரு" என்றவர், நான் கழுவ வேண்டிய பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு போனார்.

விழுப்புரத்தில் தேர்வு. வினாத்தாளில் அதே வார்த்தை வந்தது, அர்த்தம் மறந்துவிட்டது. கண்ணை மூடினேன். என் பாத்திரங்களோடு போகும் அக்காவின் முதுகு தெரிந்தது. தயங்காமல் விடையைக் குறித்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "அக்கா, அந்த வார்த்தைக்கு ஆள் கெடச்சிட்டாங்க, நம்ம வீட்டுலயே!" என்றேன்.

"மாமாவா? அவருக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு குடுத்துட்டமே!"

வேலை கிடைத்தது. இன்றும் வங்கியில் யாராவது என் ஆங்கிலத்தை மெச்சினால், "எங்க செல்வியக்கா படிக்க வெச்சது" என்பேன், தலை நிமிர்ந்து.