முதலாளி எடுத்த சங்கு வளையல்

பட்டாசுக் கம்பெனி அய்யாதுரை முதலாளிக்கு வரலாறு என்றால் அவர் தாத்தா படம் போட்ட காலண்டர்தான். அந்த மனுசனிடம் போய் அகழாய்வுக்குப் பணம் கேட்டால் விளங்குமா? அகழாய்வு அதிகாரி காளீஸ்வரன் போய்க் கேட்டார். வெம்பக்கோட்டைப் பக்கத்து மேட்டில் குழி போட்டு ஆறு மாசம். அரசாங்கம் ஒதுக்கின பணம் பாதியில் தீர்ந்துபோச்சு. அடுத்த பணத்துக்கான ஃபைல் எங்கேயோ தூங்குதாம். ஃபைல் தூங்கலாம், இருபது பேர் அடுப்பு தூங்கலாமா?

பொன்மணி அந்த இருபதில் ஒருத்தி. பதினாலு வருசம் அய்யாதுரை கம்பெனியில் வெடிக்கு மருந்து செலுத்தியவள். குழி வேலை நின்றால் மறுபடி அந்த மருந்து ரூம்தான். எப்போ வெடிக்குமோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காரணும்.

முதலாளி ஒரு மாசக் கூலி தருவதாகச் சொன்னார். ஒரே கண்டிசன்: அவர் கையாலே குழியிலிருந்து எதையாவது எடுக்கிற மாதிரி பேப்பரில் போட்டோ வரணும். வந்துட்டாரய்யா ஆராய்ச்சியாளர்!

முந்தின நாள்தான் பொன்மணி அரை நாள் பிரஷ் போட்டு, ஒரு முழுச் சங்கு வளையலை எடுத்திருந்தாள்.

"அதைத் திரும்ப மண்ணுல வைம்மா" என்றார் காளீஸ்வரன்.

"எடுத்ததத் திரும்பப் புதைக்கிறதா? நல்லாருக்கு சார் ஒங்க படிப்பு!"

சொன்னாளே ஒழிய, வைத்தாள். இருபது பேர் கஞ்சியாச்சே.

முதலாளி வந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் மாலை, காலில் செருப்பு, பின்னாலே பேப்பர் போட்டோக்காரர்.

"செருப்பக் கழத்திட்டு, பாத்து எறங்குங்க மொதலாளி" என்றாள் பொன்மணி.

காதில் விழுந்தால்தானே! பொத்தென்று இறங்கினார். நறுக்கென்று சத்தம். காலை எடுத்தால், வளையல் மூணு துண்டு.

"பசை வச்சு ஒட்டிருங்க. எம்புட்டு ஆகும்? நான் தாரேன்" என்றார் முதலாளி.

"பரவால்ல சார், ஒரு துண்டப் பிடிச்சாப் போதும்" என்று காளீஸ்வரன் பல்லைக் காட்டினார். தூ, இதுவும் ஒரு பிழைப்பு!

முதலாளி குனியுமுன்னே பொன்மணி துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டாள்.

"ஒங்க செருப்பத் தூக்கிப் பிடிங்க மொதலாளி. அதுதானே தோண்டுச்சு!"

போட்டோக்காரர் சிரித்துவிட்டார். முதலாளி விறுவிறுவென்று காரில் ஏறிப் போய்விட்டார்.

பணம் வரவில்லை; குழி வேலை நின்றது. திங்கட்கிழமை அவர் கம்பெனி வேன் வந்து பத்தொன்பது பேரை ஏற்றிக்கொண்டது. பொன்மணியை மட்டும் ஏற்றக்கூடாதென்று உத்தரவாம். "ஒன் வாயாலதாண்டி எல்லாருக்கும் போச்சு" என்று கூட வேலை பார்த்த கருப்பம்மாள் வேனுக்குள்ளிருந்து கத்தினாள். பொன்மணி மேட்டைப் பார்த்து நடந்தாள்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. மேட்டில் காளீஸ்வரன் ஒத்தை ஆளாகத் தார்ப்பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குழியை மூடணுமே. பொன்மணி போய் மறுமுனையை இழுத்தாள்.

"கூலிக்குப் பணம் இல்லியேம்மா."

"ஒங்ககிட்ட யாரு கேட்டா? அங்கன ஒரு கல்லத் தூக்கி வைங்க."